பள்ளி மாணவர்களுக்கு ஒரு கோல்ஃப் போட்டி: திட்டமிடலும் கணக்கும்

2021 ஆகஸ்டு 7 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் கோல்ஃப் போட்டி நிறைவுற்றபோது, பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காம் இடத்தில் இருந்தார். நான்கு நாள்களில் 72 குழிகள் ஆடிய பின், வெள்ளி, வெண்கலப் பதக்கங்களைப் பெற்ற இருவருக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு ஒரே ஓர் அடி. தங்கம் வென்ற நெல்லி கோர்டாவுக்கும் அவருக்கும் இடையே இரண்டே அடிகள். அதுவரை கோல்ஃப் என்றால் என்னவென்றே அறியாத இந்தியக் குடும்பங்கள் பல, அந்தச் சனிக்கிழமை காலையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தன.

அதிதி ஐந்து வயதில் மட்டையைப் பிடித்த இடம், பெங்களூரின் பழைய விமான நிலையச் சாலைக்கு அருகிலுள்ள கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் திடல். 2016ஆம் ஆண்டில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு வயது 18. பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே ஆண்டில்தான். கோல்ஃப் பள்ளிப் பருவத்திலேயே வேரூன்ற வேண்டிய விளையாட்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அந்தத் திடலிலிருந்து கிழக்கே சென்றால் மாரத்தஹள்ளியைக் கடந்து வைட்ஃபீல்டை அடையலாம். 1882ஆம் ஆண்டளவில் ஆங்கிலோ இந்தியர்களின் குடியிருப்பாகத் தோன்றிய இச்சிற்றூர், இன்று தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பள்ளிகளும் நெருங்கிய நகர்ப்பகுதியாக வளர்ந்துள்ளது. பணி நிமித்தம் இங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் மிகுதி. இங்குள்ள பள்ளிகள் கிரிக்கெட், கால்பந்து, இறகுப்பந்து ஆகியவற்றுக்குப் போட்டி நடத்துவது எளிது. மைதானம் பள்ளியிலேயே இருக்கிறது. கோல்ஃப் போட்டி என்றால் ஆசிரியர்களும் பெற்றோரும் தயங்குகின்றனர். திடல் கிளப்புக்குச் சொந்தமானது, செலவு மிகுதி, விதிகள் புரிவதில்லை என்பவை வழக்கமான காரணங்கள். இம்மூன்றுக்கும் தீர்வு உண்டு. முறையாகத் திட்டமிட்டால் கோல்ஃப் ஆடத் தெரியாத ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து 36 மாணவர்கள் பங்கேற்கும் போட்டியை ஒரே காலையில் நடத்தி முடிக்கலாம். 9 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களை மனத்தில் கொண்டு அதன் படிநிலைகளை இங்கு விளக்குகிறோம்.

யாருக்காக நடத்துகிறோம்?

போட்டிக் குழு முதலில் முடிவு செய்ய வேண்டியது நாளையோ திடலையோ அன்று. பங்கேற்பாளர் யார் என்பதைத்தான். அழைப்பை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், பெற்றோர் கிளப் உறுப்பினராக உள்ள பிள்ளைகள் மட்டுமே வருவார்கள். அவர்களுக்கு வேறு போட்டிகள் ஏற்கெனவே உண்டு. புதிதாக ஒரு போட்டி நடத்துவதன் பயன், இதுவரை திடலின் வாயிலைக் கடந்திராத மாணவருக்கு அதைத் திறந்துவிடுவதில்தான் இருக்கிறது.

இது வெறும் நல்லெண்ணம் அன்று. பெங்களூரை அடுத்த பிடதிக்கு அருகிலுள்ள ஈகிள்டன் திடலின் பக்கத்துச் சிற்றூரில் வளர்ந்த சிக்கரங்கப்பா, சிறுவனாக அத்திடலில் பந்து பொறுக்கும் வேலையில் சேர்ந்தவர். பயிற்சியாளர் ஒருவரின் பார்வையில் பட்டு ஆட்டத்தைக் கற்று, இந்தியத் தொழில்முறைப் போட்டிகளில் வெற்றிகள் பல பெற்றார். அதிதியைப் பெற்றோரே திடலுக்கு அழைத்துச் சென்றனர். சிக்கரங்கப்பாவுக்கு வேலைதான் திடலைக் காட்டியது. இரண்டுமே அமையாத மாணவருக்குப் பள்ளிதான் வழிகாட்ட முடியும்.

எனவே 36 இடங்களில் 24ஐ ஓரளவு ஆடத் தெரிந்த மாணவர்களுக்கும், 12ஐப் புதியவர்களுக்கும் ஒதுக்கலாம். புதியவர்களுக்கான இடங்களில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கும், திடலில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை தரலாம். இரு பிரிவிலும் மாணவியருக்கு உரிய பங்கு இருக்க வேண்டும். புதியவர்களை நேரே போட்டிக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. குறைந்தது ஆறு வாரங்களுக்கு, வாரம் ஒரு முறையேனும் பயிற்சித் தளத்தில் பந்தை அடிக்கவும், குழியருகே புல்தரையில் உருட்டவும் அவர்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும்.

நாளும் திடலும்

பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல்களில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் பொதுத்தேர்வுக்கு உரியவை. ஆகவே நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரையிலான நாள்கள் பொருத்தமானவை. காலை வேளை குளிர்ச்சியாக இருக்கும். புல்லும் நன்கு இருக்கும்.

வார இறுதி நாள்களில் கிளப் உறுப்பினர்கள் திடலை முழுமையாகப் பயன்படுத்துவர். வார நாளில் ஒரு காலை வேளையைக் கேட்டால் இசைவு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கட்டணச் சலுகையும் கேட்கலாம். குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே, பள்ளி முதல்வரின் கையொப்பத்துடன் கிளப் செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். அதில் மாணவர் எண்ணிக்கை, வயது, தேவைப்படும் குழிகள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், உடன் வரும் ஆசிரியர்கள், முதலுதவி ஏற்பாடு ஆகியவை தெளிவாக இருக்கட்டும். திடல் கட்டணம், பயிற்சிப் பந்துகள், பை சுமக்கும் கேடிகளின் ஊதியம், உணவு ஆகியவற்றுக்குத் தனித்தனியே விலை கேட்டுப் பெறுங்கள். மழையால் போட்டி தள்ளிப்போனால் செலுத்திய முன்பணம் என்னவாகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழு ஆட்டம் என்பது 18 குழிகள். பள்ளி மாணவர்களின் முதல் போட்டிக்கு 9 குழிகள் போதும். ஒவ்வொரு குழியின் தொடக்கத் தளத்திலும் நான்கு பேர் கொண்ட ஒரு குழுவை நிறுத்தி, ஒலி எழுப்பி ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடங்கலாம். ஷாட்கன் தொடக்கம் எனப்படும் இம்முறையில் 9 தளங்களில் 36 பேர் ஆடுவர். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அனைவரும் முடித்துவிடுவர். முதலில் முடித்தவர் கடைசிக் குழுவுக்காகக் காத்திருக்கும் நிலையும் இராது.

பத்து அடி அடித்தவரும் போட்டியில் இருக்கலாம்

கோல்ஃபில் மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் இட்டவரே வென்றவர். ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய அடிகளின் எண்ணிக்கையைப் பார் என்பர். அது பெரும்பாலும் 3, 4 அல்லது 5. எல்லா அடிகளையும் கூட்டும் முறையை மாணவர் போட்டியில் பின்பற்றினால், ஒரு குழியில் பன்னிரண்டு அடிகள் எடுத்த மாணவர் அந்த நிமிடமே மனம் தளர்ந்துவிடுவார். மீதமுள்ள குழிகள் அவருக்குத் தண்டனையாகும்.

இதற்கு மாற்று, ஸ்டேபிள்ஃபோர்ட் என்னும் புள்ளி முறை. இங்கிலாந்தின் மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் வகுத்த இம்முறை, 1932ஆம் ஆண்டு முதல் போட்டிகளில் வழக்கில் உள்ளது. பார் எண்ணிக்கையில் முடித்தால் 2 புள்ளிகள். ஓர் அடி கூடுதலானால் 1. ஓர் அடி குறைவானால் 3. இரண்டு அடி குறைவானால் 4. இரண்டு அடியோ அதற்கு மேலோ கூடுதலானால் புள்ளி இல்லை. புள்ளி கிடைக்காது என்று தெரிந்தவுடன் மாணவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்குச் சென்றுவிடலாம். ஒரு குழியில் நேர்ந்த சறுக்கல் அந்தக் குழியோடு முடிந்துவிடும். ஆட்டமும் விரைவாக நகரும்.

திறன் வேறுபாட்டைச் சமன் செய்வது ஹேண்டிகேப். ஆட்டக்காரரின் கடந்தகால ஆட்டங்களைக் கொண்டு அவருக்கு எத்தனை அடிகள் சலுகை தரலாம் என்று கணக்கிடும் எண் அது. ஒருவரது கடன் தகுதியை அவரது பழைய வரவு செலவைக் கொண்டு மதிப்பிடுவதைப் போன்றதே இதுவும். 2020 முதல் உலகெங்கும் ஒரே ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்தது. 54 குழிகள் ஆடிய மதிப்பெண் அட்டைகளைக் கொண்டு ஒருவர் தம் முதல் ஹேண்டிகேப்பைப் பெறலாம். அதன் உச்ச வரம்பு 54.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 9 குழிகளுக்குச் சலுகை ஏதும் இல்லாத மாணவர் ஒருவர், 18 அடிகள் சலுகை பெற்ற மாணவி ஒருவர். மாணவிக்குக் குழி ஒன்றுக்கு 2 அடிகள் கழிக்கப்படும். பார் 4 கொண்ட குழியை மாணவர் 5 அடிகளில் முடிக்கிறார். அவருக்கு 1 புள்ளி. மாணவி 6 அடிகளில் முடிக்கிறார். இரண்டைக் கழித்தால் 4, அதாவது 2 புள்ளிகள். அந்தக் குழியில் வென்றவர் மாணவியே. ஹேண்டிகேப் இல்லாத மாணவர்களுக்கு, போட்டிக்கு முன் மூன்று முறை 9 குழிகள் ஆடவைத்து, அந்த அட்டைகளின் அடிப்படையில் கிளப்பின் பயிற்சியாளர் உதவியுடன் சலுகையை முடிவு செய்யலாம்.

புதியவர்கள் 12 பேரையும் ஆறு இணைகளாகப் பிரித்து ஸ்கிராம்பிள் முறையில் ஆடவிடுவது நல்லது. இணையர் இருவரும் பந்தை அடிப்பர். அவற்றுள் நல்ல இடத்தில் விழுந்த பந்தைத் தேர்ந்து, அடுத்த அடியை இருவரும் அங்கிருந்தே அடிப்பர். ஒருவர் தவறினாலும் மற்றவர் காப்பாற்றுவார். தனியாக ஆடும் 24 பேர் ஆறு குழுக்கள், இரண்டிரண்டு இணைகளாக ஆடும் புதியவர்கள் மூன்று குழுக்கள் என 9 தளங்களும் நிறைந்துவிடும்.

இதில் மட்டைச் சிக்கலுக்கும் தீர்வு உண்டு. ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லக் கூடாது என்பது விதி. தனியாக ஆடும் இருவர் ஆட்டத்தின்போது ஒரே மட்டையைப் பகிர்ந்துகொள்ளவும் விதி இடமளிப்பதில்லை. ஆனால் ஒரே அணியின் இணையர், இருவரிடமும் சேர்த்து 14ஐத் தாண்டாதவரை, பகிர்ந்து பயன்படுத்தலாம். பள்ளி மாணவருக்கு ஏழெட்டு மட்டைகளே போதுமானவை. ஆகவே ஆறு அரைத் தொகுப்புகளை இரவல் பெற்றால் புதியவர்கள் பன்னிரண்டு பேரும் ஆடிவிடலாம்.

நடுவர் இல்லாத ஆட்டம்

கால்பந்தில் நடுவர் ஊதல் ஊதுவார். கோல்ஃபில் ஆட்டக்காரரே தமக்கு நடுவர். பந்து தொலைந்தால் தேடுவதற்கு மூன்று நிமிடங்கள். புதருக்குள் பந்து அசைந்ததை வேறெவரும் பார்க்காவிட்டாலும் தண்ட அடியைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். நீண்ட புல்லில் தம் பந்து இம்மியளவு அசைந்ததாக அவரே அறிவித்து ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டார். வேறெவரும் அதைப் பார்க்கவில்லை. அந்த ஓர் அடியால் போட்டி சமநிலையில் முடிந்து, கூடுதல் ஆட்டத்தில் அவர் பட்டத்தை இழந்தார். பாராட்டியவர்களிடம் அவர், வங்கியைக் கொள்ளையடிக்காமல் இருந்ததற்காகவும் ஒருவரைப் பாராட்டுவீர்களோ என்ற பொருளில் விடையளித்ததாகச் சொல்வர்.

நேர்மையோடு கவனமும் வேண்டும். ஒவ்வொருவரின் மதிப்பெண் அட்டையையும் உடன் ஆடும் மற்றொருவர் எழுதுவார். இறுதியில் இருவரும் சரிபார்த்து ஒப்பமிடுவர். 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ, 17ஆம் குழியில் எடுத்தது 3 அடிகள். அட்டை எழுதியவர் 4 என்று குறித்திருந்தார். அதைக் கவனிக்காமல் டி விசென்சோ ஒப்பமிட்டார். விதிப்படி கூடுதலாக எழுதிய எண்ணே நிலைத்தது. பட்டத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் ஆடும் வாய்ப்பு ஒப்பத்தால் பறிபோனது. உண்மையைவிடக் குறைவாக எழுதி ஒப்பமிட்டிருந்தால் தகுதி நீக்கமே நேர்ந்திருக்கும்.

போட்டிக்கு முதல் நாள் அரை மணி நேரம் ஒதுக்கி, அட்டை எழுதும் முறையை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொரு குழிக்கும் எடுத்த அடிகளைச் சரியாகக் குறிப்பதே மாணவரின் பொறுப்பு. சலுகையைக் கழித்துப் புள்ளிகளைக் கூட்டுவது போட்டிக் குழுவின் வேலை. அட்டைகளைப் பெறும் மேசையில் இருவர் அமர்ந்து, ஒருவர் கணக்கிட்டதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். படித்துப் பார்த்த பின்னரே ஒப்பமிட வேண்டும் என்ற பழக்கம், பின்னாளில் கடன் பத்திரத்தின் முன்னும் காசோலையின் முன்னும் அமரும்போது அவர்களுக்குத் துணை நிற்கும்.

பாதுகாப்பு

கோல்ஃப் பந்து கடினமானது, வேகமாகப் பறப்பது. முன்னால் உள்ள குழு எட்டா தூரம் சென்ற பின்னரே அடிக்க வேண்டும் என்பதும், அடிப்பவருக்குப் பின்னாலோ நேர் முன்னாலோ எவரும் நிற்கக் கூடாது என்பதும் முதல் பாடங்கள். புதியவர்களின் குழுவுடன் ஆசிரியர் அல்லது பயிற்சியாளர் ஒருவர் உடன் நடக்கட்டும். தொப்பி, குடிநீர், முதலுதவிப் பெட்டி, அவசர ஊர்தியின் எண் ஆகியவை ஆயத்தமாக இருக்க வேண்டும். பெற்றோரின் எழுத்து மூலமான இசைவும், மாணவரின் ஒவ்வாமை, மருந்து பற்றிய குறிப்பும் பெறப்பட வேண்டும்.

திறந்த வெளியில் உலோக மட்டையுடன் நிற்பவருக்கு இடிமின்னல் பேராபத்து. இடியோசை கேட்டால் ஒரே நீண்ட ஒலியால் ஆட்டத்தை உடனே நிறுத்திவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழித்தே மீண்டும் தொடங்கலாம்.

வரவும் செலவும்

செலவை இரண்டாகப் பிரித்தால் குழப்பம் தீரும். திடல் ஏற்பாடு, கோப்பைகள், முதலுதவி, அச்சு ஆகியவை பங்கேற்பாளர் எண்ணிக்கை எதுவாயினும் மாறாத நிலைச் செலவு. உணவு, கேடி ஊதியம், பயிற்சிப் பந்துகள் ஆகியவை தலைக்கு இவ்வளவு என்று ஆகும் செலவு.

விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். உண்மை விலைகள் கிளப்பைப் பொறுத்து மாறும். நிலைச் செலவு ரூ. 60,000. தலைக்கு ரூ. 1,500 வீதம் 36 பேருக்கு ரூ. 54,000. ஆக ரூ. 1,14,000. எதிர்பாராச் செலவுக்குப் பத்து விழுக்காடு, ரூ. 11,400. மொத்தம் ரூ. 1,25,400. இதை 36ஆல் வகுத்து அனைவரிடமும் வசூலித்தால் தலைக்கு ஏறத்தாழ ரூ. 3,483 ஆகும். பல குடும்பங்கள் அந்த இடத்திலேயே பின்வாங்கிவிடும். மாறாக, 24 பேரிடம் தலைக்கு ரூ. 1,500 மட்டும் பெற்றால் ரூ. 36,000 சேரும். மீதி ரூ. 89,400 நன்கொடையாளர்களிடமிருந்து வர வேண்டும். அவ்வாறு வந்தால் புதியவர்கள் 12 பேருக்கும் கட்டணமே தேவையில்லை. நன்கொடை கேட்கச் செல்லும்போது இந்தக் கணக்கையே காட்டுங்கள். தம் தொகை எதற்குச் செல்கிறது என்பது தெரிந்தால் கொடுப்பவரின் தயக்கம் குறையும்.

பணத்தைக் கையாளும் முறையில் சில கட்டுப்பாடுகள் இன்றியமையாதவை. கட்டணத்தையும் நன்கொடையையும் தனிநபரின் சேமிப்புக் கணக்கில் வாங்கக் கூடாது. பள்ளியின் பெயரிலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்க வேண்டும். பணம் எடுப்பதற்கு இருவர் ஒப்பம் தேவை என்ற ஏற்பாடு இருக்கட்டும். ரொக்கத்தைத் தவிர்த்து, காசோலை, இணையவழிப் பரிமாற்றம், யுபிஐ ஆகியவற்றால் பெற்று, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட ரசீது தாருங்கள். போட்டி முடிந்த 30 நாள்களுக்குள் வரவு செலவு அறிக்கையை நன்கொடையாளர்களுக்கும் பெற்றோருக்கும் அனுப்புங்கள்.

பரிசிலும் ஒரு விதி உண்டு. 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, தொழில்முறை சாராத ஆட்டக்காரர் பெறும் பரிசின் மதிப்பு 1,000 அமெரிக்க டாலரைத் தாண்டக் கூடாது. ஹேண்டிகேப் சலுகையுடன் நடக்கும் போட்டியில் ரொக்கப் பரிசு கூடவே கூடாது. மாணவருக்குப் பணம் பரிசளித்து அவரது தகுதிக்கு ஊறு விளைவிக்க வேண்டாம். கோப்பை, நூல்கள், மட்டை, பயிற்சி வகுப்பு போன்றவை பொருத்தமானவை. சலுகை கழிக்காத முதலிடம், சலுகையுடன் முதலிடம், சிறந்த புதிய இணை என மூன்று பரிசுகள் போதும்.

போட்டிக்குப் பின்

பரிசளிப்போடு பணி முடிவதில்லை. புதியவர்கள் 12 பேரில் எத்தனை பேர் அடுத்த மாதமும் பயிற்சிக்கு வந்தார்கள் என்பதே இம்முயற்சியின் உண்மையான பயனைக் காட்டும். எஞ்சிய தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வையுங்கள், அல்லது அவர்களது பயிற்சிக் கட்டணத்துக்குச் செலவிடுங்கள். உறுப்பினர்கள் பயன்படுத்தாமல் வீட்டில் வைத்திருக்கும் பழைய மட்டைகளைப் பள்ளிக்கு வழங்குமாறு கிளப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு வேண்டுகோள் வையுங்கள். மதிப்பெண் அட்டைகளைப் பாதுகாத்து வையுங்கள். மாணவர்களின் முறையான ஹேண்டிகேப்புக்கு அடுத்த முறை சலுகை கணக்கிட அவை உதவும்.

டிசம்பரில் போட்டி நடத்த விரும்பும் பள்ளி, ஆகஸ்டு மாதத்தில் ஐந்து பேர் கொண்ட குழுவை அமைப்பது நல்லது: ஆசிரியர் இருவர், பெற்றோர் இருவர், ஆட்டம் அறிந்த ஒருவர். அவர்களது முதல் கூட்டத்தில் செய்ய வேண்டியவை இரண்டே. கிளப் செயலாளருக்கான கடிதத்தை எழுதுவது ஒன்று. கட்டணமின்றி ஆடப்போகும் அந்த 12 மாணவர்களை எந்தெந்தப் பள்ளிகளிலிருந்து அழைப்பது என்று முடிவு செய்வது மற்றொன்று.